பிள்ளையார் சுழியில் நின்ற பில்டு

தொண்டையில் ஆபரேஷன் ஆகி என் மாமனாருக்குப் பேச்சு போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. முன்பு வாயால் ஏசினார், இப்போது சிலேட்டால் ஏசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதிவிட்டு ஒரு பக்கமாக இழுத்தால் அழிந்துபோகிற, குழந்தைகள் விளையாடுகிற சிலேட்டு. சாலைக் கடைவீதியில் வாங்கினோம். ஓரத்தில் ஒரு மஞ்சள் வாத்து இருக்கும். முதலில் விரல் முட்டியால் மேசையில் தட்டுவார். திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னும் ஓங்கித் தட்டுவார். பார்த்ததும் வாத்துக்குப் பக்கத்தில் எழுதி நீட்டுவார்: "காது என்ன அடகுலயா இருக்கு?"

எங்கள் வீடு அந்தக் கடைவீதியை ஒட்டி, ஆரியசாலையில். கீழே கடை, மேலே குடித்தனம். கடையில் மல்லி, மிளகாய் வத்தல், சீரகம் எல்லாம் மொத்த வியாபாரம். மாமா காலமெல்லாம் தொண்டையை வைத்தே பிழைத்தவர். விலை பேசுவதும் தொண்டையால், லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதும் தொண்டையால். இப்போது என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருகிறார். நான் மாடியில் உட்கார்ந்து போனுக்கு ஆப் எழுதுகிறேன். கீழே வத்தல் மூட்டையைப் பிரித்தால் எனக்கு மேலே தும்மல் வரும். என்னுடைய வெளிநாட்டு கிளையண்டுகள் எல்லாரும் எனக்குத் தீராத ஜலதோஷம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை, அனுதாபத்தில் கெடு ஒரு நாள் தள்ளிக் கிடைக்கிறது.

நாத்தனாருக்கு வரன் அமைந்ததும்தான் பிரச்சினை தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் மலைப்பக்கம் வித்துராவில் மிளகு, ஏலம் மொத்தமாக எடுத்து விற்கிறவர்கள். வருங்காலச் சம்பந்தியும் மாமாவும் போனில் எத்தனையோ தடவை விலைக்காகச் சண்டை போட்டவர்கள். நல்ல இடம், நல்ல பையன், எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டு நிச்சயதாம்பூலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் அப்பா சபையில் எழுந்து நின்று, "என் மகளை உங்க வீட்டுக்குத் தாறேன், எனக்குச் சம்மதம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள்.

மாமாவால் முடியாதே, அவருடைய அண்ணன் சொல்லட்டும் என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவு பண்ணினார்கள். மாமா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சிலேட்டில் இரண்டே வார்த்தைதான் எழுதினார்: "அவனா பெத்தான்?"

அண்ணன்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார், பாவம், அவருக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் மாமா அதை இழுத்து அழித்துவிட்டு அடுத்ததை எழுதினார்: "சபையில ஊமையா நிக்க மாட்டேன். நான் மாடியில இருந்துக்கிடுகேன்." நாத்தனார் அன்று மாலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மைனி, அப்பா சபையில இல்லாம எனக்கு நிச்சயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க அந்த ஆப்ப எப்பிடியாவது முடிச்சிருங்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியும்லா?"

"முடியும் மக்களே" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நல்ல தைரியமாகத்தான் இருந்தது.

அந்த ஆப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே, குரல் திரும்ப வராது என்று டாக்டர் சொன்னதும், மாமாவை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணி வைத்தேன். பேப்பரை வாசிக்கச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். சரி, கடையைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பதிவு முழுக்க மிளகு விலையும், லாரிக்காரன் மேல் ஏச்சும், நடு நடுவே அடுக்களையைப் பார்த்து "ஏட்டி, காப்பி!" என்று அத்தையைக் கூப்பிடுவதும்தான். அத்தையும் உள்ளேயிருந்து "இன்னா வாறேன்" என்று சொல்வது பதிவில் கேட்கும்.

அந்தப் பதிவை வைத்து ஒரு கம்ப்யூட்டருக்கு மாமாவின் குரலைப் பழக்கித் தந்தவள் என் கூட்டுக்காரி. என்னோடு படித்த மலையாளி, கழக்கூட்டம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. டைப் பண்ணினால் அது அவர் குரலில் பேசும். அதை நெட் இல்லாமலே போனுக்குள் ஓடவைப்பதுதான் என் வேலை.

அதற்கு முன்னால் அவசரத்துக்கு, போனிலேயே இருக்கிற பெண் குரலை வைத்து ஓர் ஆப் பண்ணிக் கொடுத்திருந்தேன். மாமா ஏதோ டைப் பண்ணினார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஓர் அம்மணி பேசினாள். "நான் எப்பம் பொம்பளையானேன்?" என்று சிலேட்டில் எழுதிவிட்டு போனை எறிந்தார். கட்டில் மேல்தான் எறிந்தார், கோபத்திலும் கணக்கு உண்டு.

"மாமா, அந்தச் சம்மத வாக்கியத்த மட்டும் உங்க குரல்ல கம்ப்யூட்டர்ல செய்து பாட்டு மாதிரி போட்டுரலாமா?" என்றும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "சம்பந்தி திருப்பி ஒண்ணு கேட்டா, அதே பாட்டையே திரும்பப் போடவா?" என்று எழுதினார். நியாயம்தான்.

இந்த வேலையில் இரண்டு பாகம் உண்டு. பொத்தான், எழுத்துப்பலகை, திரை எல்லாம் மேல்பாகம். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குரலை உண்டாக்குகிற என்ஜின் கீழ்ப்பாகம். யாரோ புண்ணியவான் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிப் பொதுவில் இலவசமாக வைத்திருந்தான். அதை எடுத்து, போனிலிருக்கிற சிப்புக்கு நேரடியாகப் புரியும்படி மாற்ற வேண்டும். இதைத்தான் நேட்டிவ் கோட் என்கிறோம். மாற்றி, மேல்பாகத்தோடு ஒட்டி, ஒரே ஆப்பாகக் கட்டித் தருவதுதான் பில்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் நடந்துவிடும். நடக்க வேண்டும்.

அமுக்கினேன். சிவப்பு எழுத்து மளமளவென்று ஓடி வந்து, கடைசியில் நின்றது. இந்தக் கோப்பைக் காணவில்லை, இப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. நான் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். கோப்பு குத்துக்கல் மாதிரி அங்கேயே இருக்கிறது! கண் முன்னால் இருக்கிறதை இல்லை என்று சாதிக்கிறவனிடம் என்னத்தைப் பேச?

கூட்டுக்காரியை வீடியோவில் கூப்பிட்டேன்.

"எடீ, கிளீன் செய்தோ?"

"செய்தாச்சு."

"கேஷ் முழுவன் களஞ்ஞோ?"

"பழைய மிச்சம் மீதி எல்லாத்தையும் அழிச்சுத் தள்ளியாச்சு. இனி என் ஜாதகத்தைத்தான் அழிக்கணும்."

"வெர்ஷன் பிரஷ்னமாவும். பழையது போட்டு நோக்கு."

நேட்டிவ் கோடுக்கென்று ஒரு பெரிய கருவிப் பெட்டி இறக்க வேண்டும். இறக்கியதை அழித்துவிட்டுப் பழையதை இறக்கினேன். வெளியே நல்ல மழை, நெட் நொண்டி நொண்டி வந்தது. பழையதும் அதையேதான் சொன்னது. புதியதை மறுபடி இறக்கினேன். கட்டளைக் கோப்பில் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தேன். "உனக்க லேப்டாப்புல ஒண்ணு பில்டு அடிச்சுப் பாரேன்" என்று அவளிடம் கெஞ்சினேன். "எடீ, ஆபீஸ் லேப்டாப்பா! வெளிக் கோடு கேற்றியால் என்ற பணி போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வேலை போனால் அவளுக்கு யார் சோறு போடுவது? நானும் விட்டுவிட்டேன்.

இப்படியே வாரம் ஓடியது. நான் சாப்பிடக் கீழே வந்தால் நாத்தனார் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சாம்பாரைப் பார்ப்பேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் தட்டவில்லை, சிலேட்டையே எடுக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மனுஷன் பேசாமல் இருந்தது அந்த வாரம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தையும் நாத்தனாரும் பூவும் வெற்றிலையும் வாங்கச் சாலைக் கடைவீதிக்குப் போனார்கள். நான் லேப்டாப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா படியேறி வந்து என் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் திரும்பவில்லை. பில்டை மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் சிவப்பு.

டக் டக் டக் டக்.

"இருங்கோ மாமா, பாத்துட்டுத்தான் இருக்கேன்."

டக் டக் டக் டக்! மேசை அதிர்ந்தது. திரும்பினேன். மாமா கோபத்தில் சிவந்திருந்தார். சிலேட்டு நிறைய எழுத்து: "எனக்க சுழிய யாரு அழிச்சது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். வைத்தது கடைசி வரியில் அல்ல, அந்தச் சிவப்புக் குப்பையின் முதல் வரியில். கோப்பு எங்கே இருக்கிறது என்று பாதை எழுதியிருக்கும் இடம். சி டிரைவ், ஒரு சாய்வுக்கோடு, பிறகு ஒரு கேள்விக்குறி, பிறகு மீதி.

இந்த வீட்டில் பிள்ளையார் சுழி போடாமல் கடுகு பாக்கெட்டில்கூட விலை எழுத மாட்டார்கள். இந்த லேப்டாப் வாங்கி வந்த அன்று அதற்கும் சந்தனம், குங்குமம் எல்லாம் நடந்தது. குங்குமம் மூடியில் இன்னும் இருக்கிறது. ஆப்புக்கென்று முதல் ஃபோல்டர் திறக்கும்போது, "பொறு, பொறு" என்று என்னைத் தள்ளிவிட்டு மாமாதான் உட்கார்ந்தார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. தமிழ் எழுத்துப்பலகையை வைக்கச் சொல்லி, ஒற்றை விரலால் ஃபோல்டர் பெயரில் 'உ' என்று அடித்தார். அதற்குக் கீழேதான் என்னுடைய கோடு எல்லாம் இருக்கிறது.

மாமா எந்தத் தாளை எடுத்தாலும் மேலே சுழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். நாங்கள் ஆப்காரர்கள் எதையும் கடைசி வரியிலிருந்து படிக்கிற ஜாதி. அந்தக் கேள்விக்குறியை வாரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரைக்கு எழுத்துரு சரியில்லை போல என்று தாண்டிப் போய்விட்டேன்.

"அட சவமே!" என்று கத்திவிட்டேன். மாமாவைச் சொல்லவில்லை, பில்டைச் சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மேல்பாகத்துக்கு எந்த மொழியில் ஃபோல்டர் பெயர் வைத்தாலும் கவலையில்லை. நேட்டிவ் கோடைக் கட்டுகிற கருவிகள் பழைய ஆசாமிகள், விண்டோஸில் பாதையில் ஆங்கில எழுத்து அல்லாத ஒன்று வந்தால் அவற்றுக்குக் கண் தெரியாது. 'உ' இருந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துக்கொண்டு, கேள்விக்குறி என்ற ஃபோல்டரைத் தேடித் தேடி, இல்லை இல்லை என்று அழுதிருக்கிறது. முதல்நாளே ஓர் எச்சரிக்கை வந்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. பாதையில் வேற்று எழுத்து இருக்கிறது, வேண்டாம் என்றது. அதன் வாயை மூடுகிற ஒரு வரியைக் கூட்டுக்காரி சொன்னாள், போட்டேன், மேல்பாகம் மட்டும் இருந்தவரை எல்லாம் ஓடியது. இரண்டு பேரும் அதை மறந்தே போனோம்.

"மாமா, கண்டுபிடிச்சாச்சு! இந்தச் சுழிய எடுத்தா ஓடும்" என்று குதித்தேன். அப்புறம்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. விடிந்தால் மகளுக்கு நிச்சயம். முதல்நாள் பார்த்துப் பிள்ளையார் சுழியை எடுக்கவா என்று கேட்கிறேன்.

மாமா உட்கார்ந்துவிட்டார். மேலே மின்விசிறியைப் பார்த்தார், கீழே கடைப்பக்கம் பார்த்தார், லேப்டாப் மூடியிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் எழுதிவிட்டால் நான் அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடுவேனா, மாட்டேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

கடைசியில் சிலேட்டை எடுத்து எழுதினார்: "சாமிய வெளிநடையில நிறுத்தாண்டாம். உள்ள கூட்டிட்டுப் போய் வை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஃபோல்டர் பெயரிலிருந்து 'உ'வை எடுத்தேன். ஆப்பைத் திறந்ததும் முதலில் தெரிகிற திரையின் உச்சியில், நடுவில், நல்ல பெரிதாக 'உ' என்று வைத்தேன். மேல்பாகம்தானே, அதற்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. மாமா இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினேன். பிறகு பில்டை அமுக்கினேன்.

ஓடியது. சிவப்பே இல்லை. வாரம் முழுக்க நின்ற இடத்தைத் தாண்டி, ஒரு கோப்பு, அடுத்த கோப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. முடிந்தது என்று வந்ததும் ஆப்பை மாமாவின் போனில் ஏற்றிக் கையில் கொடுத்தேன். அவர் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ டைப் பண்ணினார். கேட்டார். போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன டைப் பண்ணினார் என்று நான் கேட்கவில்லை. கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தமும் அத்தை பேரம் பேசுகிற சத்தமும் கேட்டது. மாமா அவசரமாகச் சிலேட்டை எடுத்தார்: "மகள்ட்ட சொல்லு. அவள்ட்ட சொல்லாண்டாம்."

அவள் என்றால் அத்தை.

ஞாயிறு காலை வீட்டுக் கூடத்திலேயே நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாமா வேட்டி கட்டி, சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் கையில் போனுமாகச் சபையில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். சிலேட்டை எங்கே வைத்தாரோ தெரியவில்லை. அவர் கீழே வந்து உட்கார்ந்ததே போதும் என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அண்ணன்காரர் என்னைப் பார்த்து, சொல்லவேண்டியது நானா அவனா என்று ஜாடையில் கேட்டார். நான் மாமாவைக் காட்டினேன். ஆப் நடுவில் நின்றுபோனால்?

நேரம் வந்தது. மாமா எழுந்து நின்றார். போனைப் பார்த்துக் குனிந்து டைப் பண்ணினார். சபை காத்திருந்தது. நான் எதிர்பார்த்தது சம்மத வாக்கியத்தை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது வேறு.

"ஏட்டி, தட்டு எங்க?"

பழைய குரல், அதே அதிகாரம், 'ட்டி'யில் அதே இழுப்பு. அடுக்களையிலிருந்து ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் பதில் வந்தது.

"இன்னா வாறேன். அதுக்குள்ள என்ன வெப்ராளம்?"

அத்தை வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். பாதிக் கூடம் வந்த பிறகுதான் நின்றார். மாமாவைப் பார்த்தார். மாமா வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். தட்டு ஆடத் தொடங்கியது. நாத்தனார் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அத்தை வெற்றுக் கையோடு அங்கேயே நின்று, "கூப்பிட்டது நீங்களா?" என்று சின்னக் குரலில் கேட்டார்.

மாமா டைப் பண்ணினார். "பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா?"

சம்பந்திதான் முதலில் சிரித்தார். "இந்தக் குரலுதான், மிளகுக்கு விலை குறைச்சுக் கேட்டு எனக்க உசுர எடுத்த குரலு" என்றார். அப்புறம் சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா சொல்ல வேண்டியதைச் சொன்னார். என் மகளை உங்க வீட்டுக்குத் தாறேன், எனக்குச் சம்மதம். தட்டு மாறியது. நாத்தனார் தலையை நிமிர்த்தவேயில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நானும் வத்தல் நெடி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கடை அன்றைக்கு அடைப்பு, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் வரை மாமா சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு ஸ்பீக்கரில் அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காப்பி வேண்டும் என்று ஒரு தடவை, கண்ணாடியைக் காணோம் என்று ஒரு தடவை, கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அப்புறம் காரணமே இல்லாமல் வெறுமே "ஏட்டி". கல்யாணம் ஆன நாள் முதல் இந்தக் கூப்பாட்டைக் குறை சொல்லியே பழகிய அத்தை, அன்றைக்கு ஒரு தடவைகூட சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, "இன்னா வாறேன்" என்று எழுந்து வந்துகொண்டே இருந்தார்.